சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை ஏன் கூடாது?

ஜார்ஜ்டவுனின் அடுக்குமாடி வீடுகளில் சீ சூ, பொமரேனியன், சிவாவா, பூடல் போன்ற சின்ன நாய்களைப் பலர் வளர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று சினையாகிவிட்டால் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "வயிற்றில் குட்டி இருக்கிறது, இரண்டு மடங்கு சாப்பாடு போடு" என்பார் ஒருவர். "தினமும் பால் கொடு" என்பார் இன்னொருவர். "கர்ப்பிணிகளுக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுக்கிறாரே, அதில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமே" என்பார் மூன்றாமவர்.

மூன்றும் அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆனால் மூன்றாவது யோசனை தாய்நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கால்சியம் குறைந்துவிடக் கூடாது என்று நாம் கொடுக்கும் மாத்திரையே, குட்டி போட்ட பிறகு இரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடக் காரணமாகலாம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதா? சினைக்காலத்தில் ஒரு சின்ன நாயின் உடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும்.

63 நாள் பயணம்

நாயின் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள் பிறக்கும். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இந்தக் கணக்கு 57 முதல் 72 நாள் வரை மாறும். ஆண் நாயின் விந்தணுக்கள் பெண் நாயின் உடலுக்குள் பல நாள்கள் உயிரோடு காத்திருக்க முடியும் என்பதே இதற்குக் காரணம்.

முதல் மாதத்தில் வெளியே பெரிய மாற்றம் தெரியாது. சுமார் 25ஆம் நாளில் ஸ்கேன் எடுத்தால் குட்டிகளின் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். 45ஆம் நாளுக்குப் பிறகு குட்டிகளின் எலும்புகள் கெட்டிப்பட்டு எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் எத்தனை குட்டிகள் என்று எண்ணிவிடலாம். இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: குட்டிகளின் பிறப்பு எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடைசி மூன்று வாரங்களில்தான் சேர்கிறது. எனவே சினையான நாளிலிருந்தே இரண்டு மடங்கு உணவு போட்டால் அது குட்டிகளுக்குப் போகாது. தாயின் உடலில் கொழுப்பாகத்தான் படியும். கொழுத்த நாய்க்குக் குட்டி போடுவது சிரமம்.

எவ்வளவு உணவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு விலங்கு ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். எடையின் 0.75 அடுக்கை எடுத்து 70ஆல் பெருக்க வேண்டும். சாதாரணக் கால்குலேட்டரே போதும். எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். விடைக்கு இரண்டு முறை வர்க்கமூலம் காணுங்கள். பிறகு 70ஆல் பெருக்குங்கள்.

3 கிலோ சிவாவாவுக்கு: 3 × 3 × 3 = 27. இரண்டு முறை வர்க்கமூலம் கண்டால் 2.28. அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 160 கிலோகலோரி.

30 கிலோ எடையுள்ள ஒரு பெரிய நாய்க்கு இதையே செய்தால் சுமார் 897 கிலோகலோரி வரும். எடை 10 மடங்கு. ஆற்றல் தேவையோ 6 மடங்குகூட இல்லை. கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெரிய நாய்க்கு 30 கிலோகலோரி, சின்ன நாய்க்கு 53. சின்ன உடல் வேகமாக எரியும் அடுப்பு. அதன் இரைப்பையோ சிறியது. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் சின்ன நாய்க்கு இரத்தச் சர்க்கரை இறங்கி உடல் தளர்ந்துவிடும்.

சினைக்காலத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது? முதல் ஐந்து வாரங்களுக்கு வழக்கமான அளவே போதும். மூன்றாம், நான்காம் வாரத்தில் ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது பல நாய்களிடம் காணப்படும். அதற்கு மேலும் சாப்பிட மறுத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்தாம் வார இறுதியிலிருந்து வாரத்துக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை உணவைக் கூட்டிக்கொண்டே போகலாம். குட்டி போடும் நேரத்தில் வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுதலாக இருக்க வேண்டும். தினமும் 60 கிராம் உலர் உணவு சாப்பிட்ட நாய்க்கு, கடைசி வாரத்தில் 75 முதல் 90 கிராம்.

ஆனால் அந்தச் சமயத்தில் குட்டிகள் நிறைந்த கருப்பை இரைப்பையை நெருக்கிக்கொண்டிருக்கும். ஒரே வேளையில் 90 கிராமை அதனால் சாப்பிட முடியாது. நான்கு அல்லது ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

என்ன உணவு?

நம் வீடுகளில் நாய்க்குச் சோறும் அவித்த கோழியும் போடுவது வழக்கம். சினை நாய்க்கு இது மட்டும் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழி இறைச்சியிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காகச் சமைத்த கோழி எலும்பைப் போட்டுவிடவும் கூடாது. அது கூரிய துண்டுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து தரமான குட்டிநாய் உணவை, பழைய உணவோடு ஒரு வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவதே எளிய வழி. பொட்டலத்தில், வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஏற்ற முழுமையான உணவு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஆற்றலும் புரதமும் கூடுதல். கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்.

பால்? வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி போதிய அளவு சுரக்காது. கிண்ணம் கிண்ணமாக வைத்தால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். ஈரலும் மீனெண்ணெய் மாத்திரையும் தினமும் கொடுக்கலாமா? ஈரலிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ மிகுதி. அது அளவு மீறினால் கருவிலுள்ள குட்டிகளுக்கு ஊனம் ஏற்படலாம்.

மிச்சமான நாசி கண்டார் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பதும் வேண்டாம். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் கலந்த சூயிங்கம் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும். அவை தாயையும் குட்டிகளையும் வீட்டிலுள்ளவர்களையும் பாதிக்கும்.

வெறும் 15 மில்லிகிராம்

இப்போது கால்சியத்துக்கு வருவோம். 3 கிலோ நாயின் இரத்தத் திரவத்தின் அளவு சுமார் 150 மில்லிலிட்டர். அதில் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். ஆக, அந்த நாயின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமே ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான்.

பாலில் எவ்வளவு? பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நாய்ப்பால் அதைவிடச் செறிவானது. அந்தச் சின்னத் தாயிடம் நான்கு குட்டிகள் சேர்ந்து ஒரு நாளில் 100 மில்லிலிட்டர் பால் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் உள்ளதைப்போலக் குறைந்தது எட்டு மடங்கு கால்சியம் அன்று ஒரே நாளில் வெளியேறுகிறது!

அப்படியும் ஆரோக்கியமான தாயின் இரத்தத்தில் கால்சியம் குறைவதில்லை. எடுக்க எடுக்க யாரோ நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் அவர்கள்?

கழுத்தில் நான்கு காவலர்கள்

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை 1850 வாக்கில் ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூறு அறிஞர் அறுத்து ஆராய்ந்தார். அதன் கழுத்தில், தைராய்டு சுரப்பியை ஒட்டி, இதுவரை யாரும் குறிப்பிடாத ஒரு சிறிய சுரப்பியைக் கண்டார். 1877இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர் அதையே ஒரு நாயின் கழுத்தில் கண்டார். பிறகு பூனை, முயல், மனிதர் என்று தேடிப் பார்த்து 1880இல் அறிக்கை வெளியிட்டார். அவைதாம் பாராதைராய்டு சுரப்பிகள். பொதுவாக நான்கு இருக்கும்.

அவை என்ன வேலை செய்கின்றன என்பது வெகு காலம் தெரியவில்லை. தைராய்டு அறுவை சிகிச்சையில் தவறுதலாக அவையும் அகற்றப்பட்ட நோயாளிகளுக்குத் தசைகள் இழுத்து வலிப்பு வந்தது. இது ஏன் என்று அமெரிக்காவில் வில்லியம் மெக்கல்லமும் கார்ல் வோக்ட்லினும் நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். பாராதைராய்டு அகற்றப்பட்ட நாய்களின் இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. கால்சியக் கரைசலைச் செலுத்தியதும் வலிப்பு அடங்கியது. 1909இல் வெளியான இந்த ஆய்வு, கால்சியத்தின் காவலர்கள் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

ஹோமியோஸ்டாசிஸ் என்ற பாடத்தைப் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் இந்தச் சுரப்பிகள் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் மூன்று இடங்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. எலும்பு தன்னிடமுள்ள கால்சியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. சிறுநீரகம் கால்சியம் வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. அதோடு வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வைட்டமின் டியின் துணையால் குடல் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சுகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை ஒன்று இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும்; குழாய் திறந்துகொள்ளும். பாராதைராய்டு அந்த மிதவையைப் போன்றது. இப்போது யாரோ வெளியிலிருந்து வாளி வாளியாக அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்குவதே இல்லை. குழாய் வாரக்கணக்கில் மூடியே கிடந்து இறுகிப்போகிறது. ஒரு நாள் தொட்டியின் அடிக்குழாயை யாராவது முழுவதுமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

சினைக்காலத்தில் தினமும் கால்சியம் மாத்திரை கொடுத்தால் நடப்பதும் அதுதான். இரத்தத்தில் கால்சியம் தேவைக்கு மேல் இருப்பதால் பாராதைராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எலும்பும் குடலும் மந்தமாகிவிடுகின்றன. குட்டிகள் பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் திடீரென்று பெருந்தேவை எழுகிறது. தூங்கிக்கிடந்த அமைப்பு முழு வேகத்துக்கு வரச் சில நாள்கள் பிடிக்கும். அதற்குள் அந்த 15 மில்லிகிராம் கையிருப்பு கரையத் தொடங்கிவிடும். மாத்திரை கொடுக்காத நாய்க்கும் இந்த நோய் வரலாம். மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

பால்பண்ணைக்காரர்களுக்கு இந்த அறிவியல் நெடுநாளாகத் தெரியும். கன்று ஈனப்போகும் பசுவுக்குக் கடைசி வாரங்களில் கால்சியம் குறைந்த தீவனம் கொடுப்பது பால் காய்ச்சலைத் தடுக்கும் வழிகளில் ஒன்று. பசுவின் பாராதைராய்டு முன்கூட்டியே விழித்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

குட்டி போடும் நாள்

55ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் பெரியவர் ஒருவர் நாயின் உடல் வெப்பநிலையை அளந்து குறித்துவைக்கலாம். வழக்கமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். சினையைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைந்ததும் வெப்பநிலை பெரும்பாலும் 37.2 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். இதை வரைபடமாக வரைந்தால் சரிவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சின்ன இனங்களில் தாயின் இடுப்பு எலும்பு குறுகியது. குட்டியின் தலையோ பெரியது. வயிற்றில் ஒரே ஒரு குட்டி இருந்தால் அது மேலும் பெரிதாக வளர்ந்து சிக்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் எண்ணிக்கை பார்ப்பது இதற்காகத்தான். எல்லாக் குட்டிகளும் வந்துவிட்டனவா என்பதும் அப்போதுதான் தெரியும்.

கீழே உள்ளவற்றில் எது நடந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்:

– அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வெளியே வரவில்லை.
– உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வரவில்லை.
– முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நிறத் திரவம் வெளியேறுகிறது. நச்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது.
– வெப்பநிலை இறங்கி ஒரு நாள் கடந்தும் வலி தொடங்கவில்லை.

குட்டிகள் பிறந்த முதல் நாளிலேயே சீம்பாலைக் குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள்களில் மிகச் சிறு பங்கே நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகிறது, மீதியெல்லாம் சீம்பாலில்தான். தாய்க்குச் சினையாவதற்கு முன்பே தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பினாங்கு வெயிலும் தாயின் மூச்சும்

பிறந்த குட்டியால் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதைச் சுற்றிச் சுமார் 30 டிகிரி வெப்பம் வேண்டும். குளிர்நாடுகளில் இதற்காக விளக்கு போடுவார்கள். பினாங்கின் பகல் வெப்பமே பெரும்பாலும் 30 டிகிரியைத் தொட்டுவிடும். குளிர்சாதனக் காற்றும் மின்விசிறிக் காற்றும் குட்டிகள் மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாய்க்கோ இந்த வெப்பம் அதிகம். எனவே பெட்டியின் ஒரு பக்கம் குட்டிகளுக்குத் துணி விரித்துவிட்டு, தாய் எழுந்துபோய்ப் படுக்கக் குளிர்ந்த தரையை அருகிலேயே ஒதுக்கி வையுங்கள்.

இதில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. நாய்க்கு வியர்வை மிகக் குறைவு. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அளவுக்கு மீறி மூச்சிரைத்தால் இரத்தத்திலுள்ள கார்பன் டைஆக்சைடு குறைந்து இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது கூடுதல் கால்சியம் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் மேலும் குறையும். ஏற்கெனவே கால்சியம் குறைந்த தாய்க்கு வெக்கையான அறை இரட்டை ஆபத்து.

குட்டி போட்ட முதல் நான்கு வாரங்கள், அதிலும் பால் மிகுதியாகச் சுரக்கும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தாயை நன்றாகக் கவனியுங்கள். அமைதியின்மை, ஓயாத மூச்சிரைப்பு, குட்டிகளைக் கவனிக்காமல் அலைவது, முகம் துடிப்பது, கால்கள் விறைத்து நடப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். நரம்புகள் தேவையில்லாமல் தூண்டப்படாமல் அடக்கிவைப்பது கால்சியத்தின் வேலைகளில் ஒன்று. அது குறைந்ததும் நரம்புகள் தாமாகவே தூண்டப்பட்டுத் தசைகளை இழுக்கின்றன. அடுத்து வலிப்பு வரும். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டலாம். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, தாயை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வலிப்பு வந்த நாயின் வாயில் எதையும் திணிக்காதீர்கள். மருத்துவர் இதயத் துடிப்பைக் கவனித்தபடியே கால்சியக் கரைசலை நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்துவார். பெரும்பாலான நாய்கள் சிறிது நேரத்திலேயே தெளிந்துவிடும். அதன்பிறகு, பால் கொடுக்கும் காலத்தில் எவ்வளவு கால்சியம் வேண்டும் என்பதை அவரே சொல்வார். கால்சியம் மாத்திரைக்கு உரிய நேரம் அதுதான். அதை எழுதித் தர உரியவரும் அவர்தான். அதுவரை குட்டிகளுக்குப் பசும்பால் ஊற்றாமல் குட்டிநாய்களுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமான உணவைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தேவைப்படும். "இரண்டு மடங்கு சாப்பாடு போடு" என்ற யோசனை இப்போது சரியாகிவிடுகிறது! அது கேட்கும்போதெல்லாம் குட்டிநாய் உணவைப் போடலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சின்ன நாய் சினையாக இருந்தால், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் எது என்று விசாரித்து அதன் தொலைபேசி எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.